கீழ்த்தளத்துக் கதவு

போர் நடக்கும் கடலில் எல்லாக் கப்பல்களும் விளக்கை அணைத்துப் பதுங்கிப் போகும். ஒன்று மட்டும் உடம்பெல்லாம் வெள்ளை பூசி, விளக்கெல்லாம் எரியவிட்டு, போகிற வழியை எதிரிக்கே சொல்லிவிட்டுப் போகும். அது என்ன, சொல்லுங்கள்?

ஆஸ்பத்திரிக் கப்பல்தான். வடகரைக்கும் தென்கரைக்கும் சண்டை மூண்டபோது, தென்கரையிலிருந்து அப்படியொரு கப்பல் வந்தது. காயம்பட்டவர் எந்தப் பக்கம் என்று அது கேட்கவில்லை. தலைமை மருத்துவர் பெயர் மைமூன். அவரிடம் தொழில் கற்க வந்தவன் சூசைநாதன்.

ஒருநாள் காலையில் வடகரைப் படகு ஒன்று கப்பலை ஒட்டி நின்றது. சந்தியாகு என்ற மீனவர் தன் மகள் பவளத்தைக் கொண்டுவந்திருந்தார். பத்து வயதுப் பெண். குண்டுச் சில்லு பாய்ந்து கால் கறுத்திருந்தது.

"மதியத்துக்குள்ள சில்லை எடுத்தாகணும். இல்லன்னா கால் தங்காது" என்றார் மைமூன்.

ஸ்ட்ரெச்சரில் மேலே ஏற்றியதும் பவளம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ என்ன வெச்சிருக்கீங்க?"

"மருந்து, அரிசி" என்றான் சூசைநாதன்.

"பொய். கட்டிலுக்கு அடியில குண்டு அடுக்கியிருக்கீங்கன்னு ஊரே சொல்லுது. மயக்க ஊசி போட்டு எங்க ஆளுங்கள ஜெயிலுக்குக் கொண்டுபோறீங்களாம்."

சந்தியாகுவின் கண் கதவு கதவாக நகர்ந்தது.

சூசைநாதன் மைமூனின் காதருகே வந்தான். "டாக்டர், அந்த ஆள் பார்வையே சரியில்ல. வேவு பார்க்க வந்திருப்பாரோ?"

"இருக்கலாம்."

"நல்லது செய்யத்தானே வந்திருக்கோம்? இவங்கள எப்படி நம்பவைக்கிறது?"

மைமூன் அவன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைத் தொட்டார். "எல்லாக் கதவையும் அந்தப் பொண்ணுக்குத் திறந்து காட்டு."

ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சமையலறையில் அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கச் சொன்னாள் பவளம். அரிசிதான் கொட்டியது. வார்டில் ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில் எட்டிப் பார்த்தாள்.

"அது குண்டு இல்ல தாயி, என் மூத்திரக் கோப்பை. வேணும்னா எடுத்துக்கோ" என்றான் கால் கட்டோடு கிடந்த ஒருவன். வார்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கீழ்த்தளத்தின் கடைசிக் கதவில் சூசைநாதன் நின்றுவிட்டான்.

"டாக்டர், இது மட்டும் வேண்டாம்."

உள்ளே துப்பாக்கிகள் இருந்தன. கப்பலில் ஏறும் காயக்காரன் ஆயுதத்தோடு கட்டிலில் படுக்கக் கூடாது. வாங்கிப் பூட்டி வைத்து, துறைமுகத்தில் ஒப்படைப்பது முறை.

"இதப் பார்த்தா ஊர் சொன்னது நெசம்னு திரும்பிப் போயிடுவா. கால் போயிடும், டாக்டர்."

"பூட்டின கதவைப் பார்த்தா மட்டும் இங்க தங்கிடுவாளா?"

சூசைநாதன் சாவியைத் திருப்பினான்.

சுவரோரம் வரிசையாகத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை.

"அப்பா! நான் சொன்னேன்ல!" என்று கத்தினாள் பவளம். சந்தியாகு ஸ்ட்ரெச்சரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தார்.

மைமூன் வழியை மறிக்கவில்லை.

"யாரோடது இதெல்லாம்?" என்று கேட்டாள் பவளம்.

"மேல படுத்திருக்கிறவங்களோடது. அட்டையில கட்டில் நம்பர் இருக்கு."

"எங்க ஆளுங்களோடதுமா?"

"ரெண்டு பக்கத்தோடதும்."

"நீங்க சொல்றது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் மைமூன்.

சூசைநாதனுக்குப் பொறுக்கவில்லை. "பாருங்க டாக்டர், இன்னும் அவ நம்மள நம்பல."

"நம்பவைக்கணும்னு நீதான் சொன்னே, சூசை. நான் திறந்து காட்டத்தான் சொன்னேன்."

பவளம் அட்டைகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அப்பாவை அந்தக் கதவுக்கு முன்னால் காவலுக்கு உட்காரச் சொன்னாள். தான் கண் விழிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றாள். ஸ்ட்ரெச்சரை அறுவை அறைக்குத் தூக்கச் சொன்னாள்.