கடல் பார்க்காத கப்பல்காரர்கள்

வெகுகாலத்துக்கு முன்னே, ஆழியூர் நாட்டைக் கீர்த்திவளவன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே மாற்றிச் சொல்வார். இரண்டுக்கும் சபை தலையாட்ட வேண்டும்.

ஒருநாள் கடல் கடந்து வந்த யாக்கூபு என்ற வணிகர் சபையில் வந்து வணங்கினார்.

"அரசே, உங்கள் துறைமுகத்தில் கப்பல் கட்டும் பட்டறை போடப் போகிறேன். பத்து வருஷத்துக்கு வேலை இருக்கிறது. முந்நூறு பேர் வேண்டும். எந்தச் சீமையில் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள்?"

ஆற்றங்கரைச் சீமையைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரபு ஆபத்சகாயர் துள்ளி எழுந்தார். "இது ஒரு கேள்வியா? எங்கள் ஆட்கள் தொட்டிலை விட்டு இறங்கிப் படகில் ஏறியவர்கள்!"

மந்திரி அம்பலவாணர் தொண்டையைச் செருமினார். "கரிசல் சீமையிலும் கைவேலைக்காரர்கள் உண்டு, அரசே."

சபை கொல்லென்று சிரித்தது. கரிசல் சீமையில் ஆறு இல்லை, ஏரி இல்லை. எண்பது அடிக்குக் கிணறு வெட்டி, தோலில் தைத்த சால் என்னும் பெரிய வாளியை மாடு கட்டி இழுத்துத்தான் தண்ணீர் இறைப்பார்கள். அந்த வருஷம் மழையும் தவறிப்போய், சனங்கள் ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கடலைக் கண்ணால் பார்க்காதவன் கப்பல் கட்டுவானாம்!" ஆபத்சகாயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "போட்டி வைப்போம்! கரிசல்காரர்கள் ஜெயித்தால் வேலை அவர்களுக்கு. தோற்றால் அந்தச் சீமையைக் காலி செய்து என் வேட்டைக்காடாக்கிவிடுவேன். சம்மதமா மந்திரியாரே?"

அம்பலவாணர் பின்வாங்கவில்லை. "சம்மதம் அரசே. ஆனால் சோதிக்கும் விதத்தை நான்தான் சொல்வேன்."

விரிசல் விட்ட இரண்டு பழைய படகுகள் அரண்மனைக் குளக்கரைக்கு வந்தன. நான்கு நாளில் சரிசெய்ய வேண்டும். ஆற்றங்கரைத் தச்சர்கள் குங்கிலியத்தைக் காய்ச்சி வெளிப்பக்கம் தடிமனாகப் பூசினார்கள். இரண்டாம் நாள் மத்தியானமே வேலையை முடித்து மரத்தடியில் தூங்கிவிட்டார்கள்.

கரிசலிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சால் தைக்கும் குருவம்மா அவர்களுக்குத் தலைவி. படகைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இதுதான் படகா? மரத்துல செஞ்ச சாலுன்னு வச்சுக்குவோம். உக்காருங்கப்பா."

பஞ்சை விளக்கெண்ணெயில் தோய்த்து, விரிசலுக்குள் இழை இழையாகத் திணித்தார்கள். நாலாம் நாள் பொழுது சாயும்வரை கை ஓயவில்லை.

மறுநாள் ராஜா வந்தார், ஊரே வந்தது. அம்பலவாணர், "இரண்டு படகையும் முட்டுக்கொடுத்து நிறுத்தித் தண்ணீரால் நிரப்புங்கள்" என்றார்.

"இதென்ன கூத்து!" ஆபத்சகாயர் குதித்தார். "படகு தண்ணீரில் போகுமா, தண்ணீர் படகில் போகுமா?"

"விரிசலுக்கு உள்ளே வெளியே தெரியுமா பிரபுவே?"

ஒரு நாழிகை கழிவதற்குள் ஆற்றங்கரைப் படகில் குங்கிலியம் பாளம் பாளமாகப் பெயர்ந்து, தண்ணீர் பீய்ச்சியடித்தது. அந்தத் தச்சர்களின் மேஸ்திரி தலையைச் சொறிந்தான். "படகுன்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் அரசே. இறைச்சு ஊத்திக்கிட்டே போகலாம்."

கரிசல்காரர்களின் படகில் சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனால் குருவம்மா முகம் சுளித்தாள். குனிந்தாள். அடிப்பலகையில் கடுகளவு ஈரம் பூத்திருந்தது. அங்கே ஒரு துளி பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"கடுகளவுக்கா இந்தப் பாடு?" என்றார் ராஜா.

"மகாராசா, எங்க ஊர்ல ஒரு சால் தண்ணிக்கு மாடு எண்பது அடி இழுக்கணும். ஒழுகுற சாலைத் தைச்சவ வீட்டு வாசல்ல அன்னைக்கே ஊரு கூடிரும்."

ஆபத்சகாயர் விடவில்லை. "கரையில் வைத்துப் பார்த்தால் ஆயிற்றா? குளத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்!"

"நல்ல யோசனை. உம்முடைய படகில் நீரே ஏறிப் பாரும்!" என்றார் ராஜா.

பாதிக் குளம் போவதற்குள் படகு மூழ்கியது. "ஐயோ, எனக்கு நீந்தத் தெரியாது!" என்று பிரபு அலறினார். கரிசல்காரர்கள் கையோடு கொண்டுவந்திருந்த கிணற்று வடத்தை வீசி, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதுபோல ஏலேலோ போட்டு இழுத்துக் கரையில் போட்டார்கள்.

நனைந்த தலைப்பாகையோடு நின்ற பிரபுவைப் பார்த்து ராஜா சொன்னார்: "உம்மைக் காப்பாற்றியவர்களை இனி எந்தச் சபையிலும் இளப்பமாகப் பேசக் கூடாது." தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணருக்குப் போட்டார். "வேட்டைக்காடு கிடையாது. இந்த ஒரு வார்த்தையை மட்டும் மத்தியானம் மாற்ற மாட்டேன்!"

யாக்கூபுக்குத் தலைகால் புரியவில்லை. "முந்நூறு பேரும் நாளைக்கே வரட்டும்!"

குருவம்மா நகரவில்லை. "இருங்கய்யா. எங்க வேலையை நீங்க பாத்துட்டீங்க. நீங்க எப்படின்னு நாங்க பாக்க வேண்டாமா? மழை விழுந்தா விதைக்க ஊருக்கு விடுவீங்களா? கைப்பிள்ளைக்காரிக்கு நிழல் உண்டா? ஆளு விழுந்து கை கால் ஒடிஞ்சா யாரு பாப்பா?"

யாக்கூபு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். விதைப்புக்கு இரண்டு மாதம் விடுப்பு. பட்டறையிலேயே கொட்டகை. வைத்தியச் செலவு தன்னுடையது.

குருவம்மா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். பதினொரு தலைகளும் அசைந்தன.

"சரிங்கய்யா," என்றாள். "உங்களைச் சேத்துக்கிட்டோம்."