முதல் பை

அருமைநாயகம் இருபது வருடம் கத்தி பிடித்த சர்ஜன். ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் நேரத்துக்கு வந்து சேராமல், ஒரு நோயாளி அவர் மேசையிலேயே உயிரை விட்டார். அந்த ஆத்திரத்தில் வேலையை உதறிவிட்டு வந்தவர், தன்னைவிட வயதில் இளைய வஹிதாவிடம் மாணவராகச் சேர்ந்தார். மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில், ஸ்டெம் செல்லிலிருந்து பிளேட்லெட் வளர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர் வஹிதா.

அப்படி வளர்த்த பிளேட்லெட்டில் முதல் பை நிரம்பிய வாரம் ஊரெல்லாம் டெங்கு. ரத்த வங்கி காலி. மேல்மாடியில் யாழிசை என்ற சிறுமிக்கு ரத்தப் புற்று. ஈறிலிருந்து கசிந்த ரத்தத்தில் தலையணை நனைந்துகொண்டிருந்தது.

அருமைநாயகம் படியிறங்கி ஆய்வுக்கூடத்துக்கு ஓடிவந்தார்.

"அந்தப் பையைக் குடுங்க மேடம்."

"முடியாது."

"எண்ணிக்கை சரியா இருக்கு. உருவம் சரியா இருக்கு. நானே பார்த்தேன்."

"வேலை செய்யுதான்னு பார்த்தீங்களா?"

வஹிதா ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்தார். ரத்தக்குழாய் கிழிந்தால் வெளியே தெரியும் புரதம் அதில் பூசியிருந்தது. முதலில் ஒரு மனிதரிடம் எடுத்த பிளேட்லெட்டை அதன்மேல் ஓடவிட்டார். அருமைநாயகம் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். ஒவ்வொன்றும் தகட்டைப் பற்றி, கை விரித்து, பக்கத்திலிருந்ததையும் இழுத்துப் பிடித்தது.

அடுத்து பையிலிருந்து எடுத்ததை ஓடவிட்டார். ஒன்றிரண்டு தயங்கின. மற்றவையெல்லாம் உருண்டு போயின.

அருமைநாயகம் நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"சரி, ஒட்டிப் பிடிக்கல. ஏத்தினா என்ன கெட்டுப்போகும்? எதையாவது செஞ்சோம்னு இருக்கும்ல?"

"அதேதான் கெட்டுப்போகும். பை ஏறுதேன்னு பிள்ளையோட அம்மா நிம்மதியா கண் அசந்துடுவாங்க. நர்ஸ் வேற பை தேடுறதை நிறுத்திடுவாங்க."

வஹிதா பையை வெட்டினார். மஞ்சள் திரவம் முழுவதையும் பிளீச் வாளியில் ஊற்றினார்.

"நீங்கல்லாம் டாக்டரா? மேல ஒரு பிள்ளை சாகுது, இங்க வாளியில ஊத்துறீங்க!"

அருமைநாயகம் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. வெள்ளைக் கோட்டைக் கழற்றித் தரையில் வீசினார். வஹிதா கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனார்.

அருமைநாயகம் மேலே ஏறினார். யாழிசையின் அம்மா வாசலில் நின்றார். "சார், கிடைச்சிருச்சா?"

யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போலிருந்தது. விறுவிறுவென்று ரத்த வங்கிக்கு நடந்தார். கதவைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது.

"என்னய்யா பண்றீங்க எல்லாரும்? ஒரு பை தேட முடியல?"

"மெதுவா, டாக்டர்" என்றார் நர்ஸ். "அவங்க கையில ஊசி இருக்கு."

சாய்வு நாற்காலியில் வஹிதா படுத்திருந்தார். கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே தொங்கிய பையில் பிளேட்லெட் மட்டும் பிரிந்து சேர்ந்துகொண்டிருந்தது.

"காலையிலேயே வந்து டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போனாங்க" என்றார் நர்ஸ். "பிள்ளையோட ரத்தத்துக்குப் பொருந்துது."

அருமைநாயகத்துக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்னும் கூடியது.

"இத்தனை வருஷ ஆராய்ச்சி, இத்தனை மெஷின். கடைசியில நீங்களே கையை நீட்டிக்கிட்டுப் படுத்திருக்கீங்க. வெட்கமா இல்ல?"

வஹிதா கண்ணைத் திறந்தார். அந்தக் கண்ணிலும் கோபம் இருந்தது.

"வெட்கமாத்தான் இருக்கு" என்றார். "இது இன்னைக்கு மட்டுந்தான் தாங்கும். நாளைக்கும் அவளுக்கு ஒரு பை வேணும். உங்க ரத்த குரூப் என்ன, டாக்டர்?"