நாற்பத்தெட்டு நாள் குளிக்காத செவலை

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கருமலைச் சீமையை முத்துவீரமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். என்ன, காலையில் ஒன்று சொல்வார், வெயில் ஏறினால் வேறொன்று சொல்வார். அவர் சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு கிழட்டுக் கோம்பை நாய் படுத்திருக்கும். பேர் செவலை. இடது காது பாதி கிழிந்திருக்கும். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது, காதும் மந்தம்.

அந்தக் காது சும்மா கிழியவில்லை. ராஜா இளவரசராக இருந்தபோது அவருடைய சித்தப்பா அவரை நாட்டை விட்டே துரத்திவிட்டார். ஏழு வருஷம் மலைக்குகையில் வாழ்க்கை. துணைக்குச் செவலை மட்டும்தான். குளிருக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் படுப்பார். சிறுத்தை பாய்ந்த அன்று அது குறுக்கே விழுந்து தன் காதைக் கொடுத்து அவரைக் காப்பாற்றியது. அந்த நாட்களைப் பேச ஆரம்பித்தால் ராஜாவுக்குக் கண் கலங்கிவிடும்.

"சுட்ட கிழங்கு, சுனைத் தண்ணி, பக்கத்திலே செவலை. இந்த அரண்மனையிலே அந்தச் சுகம் ஏதய்யா?" என்பார்.

இதைக் கேட்டு ஒருவருக்கு மட்டும் வயிறு எரியும். வாசனை அதிகாரி கனகசபேசர். ராஜாவுக்குத் தினமும் புனுகும் சவ்வாதும் பூசிவிடுவது அவர் வேலை. பட்டம் ஏறிய அன்று ராஜா தமக்குப் போர்த்திய பட்டுச் சால்வையை அவர் தோளை விட்டு இறக்கவே மாட்டார். 'நான் நிற்கிறேன், இந்த நாய் மகாராஜா காலடியில் படுத்துக்கொண்டிருக்கிறதே!' என்று பொருமுவார்.

ஒருநாள் மெல்லப் பற்றவைத்தார். "மகாராஜா, நாய் வீச்சம் தாங்கலை. தூதர்களெல்லாம் மூக்கைப் பிடிக்கிறார்கள். தினம் இரண்டு வேளை குளிப்பாட்ட உத்தரவாகணும்."

ராஜா தலையாட்டிவிட்டார். அப்புறம் கேட்கவா வேண்டும்! காலையில் சீயக்காய், சாயங்காலம் சந்தனம், மேலே அத்தர். ரோமம் காய நேரமே இல்லை. தோல் வறண்டு உரிந்தது. செவலை ராப்பகலாகச் சொறிந்தது. நனைந்த சாக்கு மாதிரி முன்னைவிட அதிகமாக நாறியது. நாற நாற இன்னும் குளிப்பாட்டினார்கள்.

ராஜாவை அதைவிட வேறொன்று வாட்டியது. பட்டம் ஏறியதிலிருந்தே அவர் கூப்பிட்டால் செவலை வருவதில்லை. அவர் கையை நீட்டினால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"என்னை மறந்துடுச்சே!" என்று ஒருநாள் சபையிலேயே உடைந்துபோனார்.

கனகசபேசர் விடுவாரா? "நன்றி கெட்ட ஜீவன், பிரபு. எல்லைக் காவலுக்கு அனுப்பிவிடுங்கள்."

எல்லை ஒரு மாத நடை. கண் தெரியாத கிழட்டு நாய் பாதி வழிகூடத் தாங்காது. எல்லாருக்கும் தெரியும். ராஜாவுக்கோ கோபம் கண்ணை மறைத்தது. "அனுப்பு!" என்றுவிட்டார்.

மந்திரி ஆவுடையார் எழுந்தார். "மகாராஜா, நாற்பத்தெட்டு நாள் தவணை கொடுங்கள். செவலையை நாறாமல் கொண்டுவருகிறேன்."

"அதற்குள் எத்தனை முறை குளிப்பாட்டுவீர், மந்திரியாரே?" என்று இளித்தார் கனகசபேசர்.

"ஒருமுறைகூட இல்லை."

சபை கொல்லென்று சிரித்தது. "நாறினால்?" என்றார் ராஜா.

"செவலைக்குத் துணையாக நானும் எல்லைக்குப் போகிறேன். ஆனால் பரீட்சைக்கு மூன்று நாள் முன்னாலிருந்து சபையில் ஒருவரும் வாசனை பூசக் கூடாது. மகாராஜாவும்தான்."

"தாராளமாக! நாய் நாற்றம் நன்றாகவே தெரியட்டும்!" என்று முந்திக்கொண்டு சொன்னவர் கனகசபேசரேதான்.

மந்திரி பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. காலை வெயிலில் செவலையை உட்காரவைத்துச் சீப்பால் வாரி, உதிர்ந்த ரோமத்தை எடுத்தார். கொஞ்சம் பயத்தமாவைத் தூவித் தேய்த்துத் தட்டிவிட்டார். காது மடலையும் வாயோரத்தையும் ஈரத்துணியால் ஒற்றினார். மழையில் நடந்தால் பாதத்தைத் துடைத்துக் காயவைத்தார். அழுக்கேறிக் கிடந்த வெல்வெட்டு மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சாக்கு விரித்து, அதைத் தினம் உதறி வெயிலில் போட்டார். நெய்ச்சோறு போய்க் கேழ்வரகுக் களி வந்தது. சொறி நின்றது, ரோமம் மினுமினுத்தது.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. ராஜாவின் கண்ணைக் கட்டினார்கள். "நாற்றம் எங்கே வருகிறதோ அங்கே போங்கள், மகாராஜா," என்றார் மந்திரி.

ராஜா மோப்பம் பிடித்தார். நாலடி வைத்தார். முகம் சுளித்தது. "ஐயையோ! இதோ இருக்கு! மந்திரியாரே, தோற்றீர்!" என்று எட்டிப் பிடித்துக் கண்கட்டை அவிழ்த்தால், கையில் கனகசபேசரின் சால்வை!

"ஓய், இதைத் துவைத்து எத்தனை நாளாச்சு?"

"பிரபு… தங்கள் கை பட்ட சால்வை… துவைத்தால் மரியாதை போய்விடுமே என்று… நாலு வருஷமாக…" சபை விழுந்து விழுந்து சிரித்தது. இத்தனை நாளும் புனுகு அதை மூடிவைத்திருந்தது.

"அப்போ செவலை எங்கே?" என்று ராஜா திரும்பவில்லை, அதற்குள் ஈரமான மூக்கு ஒன்று அவர் உள்ளங்கையில் முட்டியது. செவலை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. வால் ஆடிய ஆட்டத்தில் உடம்பே ஆடியது. முனகிக்கொண்டு முன்னங்காலைத் தூக்கி அவர் மார்பில் வைத்தது.

"மறக்கலையா, டேய்? மறக்கலையா?" ராஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அதற்குக் கண் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது, மகாராஜா," என்றார் மந்திரி. "தங்களை வாசத்தில்தான் தெரியும். நாலு வருஷமாக அது தங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டதெல்லாம் புனுகு."

ராஜா செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்தார். காய்ந்த புல்லும் வெயிலும் கலந்த அந்தப் பழைய வாசம். குகைக்கே திரும்பிப் போனமாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

பிறகு கனகசபேசரைப் பார்த்தார். "ஆற்றுக்குப் போய் உம் கையாலேயே அந்தச் சால்வையைத் துவையும். செவலை முகர்ந்து பார்த்துச் சரி என்றால் சபைக்கு வரலாம்."

மந்திரி பக்கம் திரும்பினார். "மந்திரியாரே, உமக்கு என்ன வேண்டும்?"

"இந்தச் சீப்பைத் தாங்கள் வாங்கிக்கொண்டால் போதும்."

மறுநாள் காலை, சபைக்கு வந்தவர்கள் முற்றத்திலேயே நின்றுவிட்டார்கள். கிரீடம் ஒருபக்கம் கிடக்க, ராஜா வெயிலில் சம்மணமிட்டு நாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். வழக்கெல்லாம் காத்திருந்தது. காத்திருக்கட்டும். அவர்கள் அங்கே வெயில் காயட்டும், நாம் நம் வேலையைப் பார்ப்போம்.