மறுசோறு போட்ட அடுப்பு

முன்னொரு காலத்திலே, ஊறுகாய்க்கும் சட்டம் இருந்த ஒரு தலைநகரம் இருந்தது. சிரிக்காதீர்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ராஜா நாட்டைப் பார்த்துக்கொள்வார். ஊரைப் பார்த்துக்கொள்ள நகராதிபதி அறவாழியார் இருந்தார். பன்னிரண்டு வருஷம் அந்தப் பதவி. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். அவர் வருவதற்கு முன்னால் தெருவெல்லாம் சாக்கடை. வருஷம் தவறாமல் கோடையில் வாந்திபேதி வந்து வீட்டுக்கு ஒருவரை வாரிக்கொண்டு போகும். அறவாழியார் வாய்க்கால் வெட்டினார், கிணறுகளுக்குச் சுவர் கட்டினார், பேதி ஊரைவிட்டே ஓடிப்போயிற்று. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்குச் சொல்லக் கதையில்லை.

ஊர் சுத்தமானதும் மனுஷருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தெருவைத் திருத்தியவர் வீட்டுக்குள் நுழைந்தார். வீட்டைத் திருத்தியவர் சாப்பாட்டு இலைக்கு வந்து சேர்ந்தார். ஊறுகாய் சுண்டுவிரல் நுனியளவு. வெற்றிலை நாளைக்கு இரண்டு. பகலில் கண்ணயரக் கூடாது. அக்கினி நட்சத்திரத்திலும் வெந்நீரில்தான் குளிக்க வேண்டும். எல்லாம் குடிகளின் நன்மைக்கு! இவற்றுக்கெல்லாம் மேலே ஒன்று: 'ஓர் இலைக்கு ஒரு பண்டத்தை ஒரே முறைதான் பரிமாற வேண்டும். இரண்டாம் முறை பரிமாறிய அடுப்பை அன்றோ மறுநாளோ இடிக்க வேண்டும். அரண்மனை முதல் குடிசை வரை இது பொது.'

'அரண்மனை முதல்' என்பதை அவர் ஒரு கம்பீரத்துக்காகச் சேர்த்தார். அரண்மனைச் சமையலறையை எந்தக் கண்காணியும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அதுவோ, விருந்தாளியின் இலை காலியாகி "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்காமல் விட்டால் ஏழு தலைமுறைக்கு ஏச்சு நிற்கும் ஊர். சனங்கள் என்ன செய்வார்கள்? கல்யாணப் பந்தியில் பெண்வீட்டார் புருவத்தைத் தூக்கிக் கேட்பார்கள், சம்பந்தி கண்ணை மூடித் திறந்து 'போடு' என்பார். பிரம்போடு பந்தி பந்தியாகச் சுற்றிய இலைக் கண்காணிகள் கடைசியில் புருவங்களையும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

அறவாழியார் ஓய்வு பெறும் காலம் வந்தது. ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. நாற்சந்தியில் அவர் பெயரால் ஒரு கல் நாட்ட வேண்டும். சரி, அந்தக் கல்லில் என்ன வெட்டுவது? இதற்கு அவையில் மூன்று நாள் வாக்குவாதம்.

மந்திரி மருதூரார் எழுந்தார். ராஜா தும்மினாலும் 'ஆகா' போடுகிறவர் அவர். "அரசே, பெற்ற தாய்கூடச் சோற்றை ஊட்டத்தான் செய்வாள். எவ்வளவு உண்பது என்று சொல்லித் தந்தவர் நம் நகராதிபதி. அந்தச் சட்டங்களையே கல்லில் வெட்டுவோம்" என்றார்.

அவையின் விகடகவி வெண்காடன் தலையைச் சொறிந்தான். "வாய்க்காலை மட்டும் வெட்டினால் போதாதா, அரசே? கல் சின்னதாக இருக்கிறது."

அவை சிரித்தது. மருதூராருக்கு வயிற்றெரிச்சல். வெண்காடன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தான் வாயைத் திறந்தால் கொட்டாவி விடுகிறார் என்பது அவருடைய நெடுநாள் துக்கம்.

அப்போதுதான் காத்தாயி என்ற பெண் தலைவிரி கோலமாக அவைக்குள் ஓடிவந்து விழுந்தாள். சந்தை வாசலில் சோற்றுக்கடை வைத்திருப்பவள். அன்று மத்தியானம் மூட்டை தூக்கும் ஒருவனுக்கு மறுசோறு போட்டுவிட்டாள். கண்காணி பார்த்துவிட்டான். அடுப்பில் முத்திரை விழுந்தது. மறுநாள் மாலை இடிப்பு.

"மகாராசா! விடியறதுக்கு முன்ன இருந்து நெல்லு மூட்டை சுமந்தவன், வழிச்ச இலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். மனசு கேக்கல, ஒரு கரண்டி போட்டேன். அவன் வயிறு அவனுக்குத் தெரியாதா? இதுக்குப் போயி அடுப்பை இடிப்பாங்களா சாமி? புருசன் போனப்புறம் அந்த அடுப்பை நம்பித்தான் நாலு புள்ளைங்களை வச்சிருக்கேன்!"

அறவாழியார் கனிவாகத்தான் பேசினார். "அம்மா, அவன் நன்மைக்காகத்தான் சொல்கிறோம். வயிறு கேட்பதையெல்லாம் கொடுத்தால் மனிதன் கெட்டுப்போவான்."

ராஜா மீசையைத் தடவினார். "சட்டம் என்றால் சட்டம்தானே" என்றார். இதைச் சொல்வதற்குச் சற்று முன்தான் அவர் நான்காவது அதிரசத்தைத் தின்று முடித்திருந்தார்.

வெண்காடன் அவளுக்காகப் பரிந்து பேசினான். மருதூரார் விட்டாரா? "பழிப்பது எளிது, அரசே! நாளை மதியம் நகராதிபதிக்குப் பிரிவு விருந்து. அதை வெண்காடனே நடத்தட்டும், நகரச் சட்டத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல். நடத்திவிட்டால் இவள் அடுப்பு தப்பியது. பிசகினால் அடுப்பும் இடியட்டும், வெண்காடனும் அவையை விட்டுப் போகட்டும்."

எப்பேர்ப்பட்ட பொறி பாருங்கள்! ராஜாவுக்குப் பாயசம் ஒரு முறை போதாது என்பது ஊருக்கே தெரியும். இல்லையென்று சொன்ன சமையல்காரன் ஒருவன் போன வருஷம் நாட்டையே விட்டுப் போனான். போட்டாலும் வெண்காடன் தொலைந்தான், போடாவிட்டாலும் தொலைந்தான்.

வெண்காடன் கும்பிட்டான். "நடத்துகிறேன், அரசே. இரண்டு வரம் மட்டும் வேண்டும். பாயசத்தை இந்த அம்மாளே அரண்மனை அடுப்பில் வைக்கட்டும். அதைப் பரிமாற, சட்டம் நன்றாகத் தெரிந்த ஒருவரை நான் அமர்த்திக்கொள்கிறேன்."

"தாராளமாக" என்றார் ராஜா.

வெளியே வந்ததும் காத்தாயி அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் சாமி, நான் வச்சா ராசா ரெண்டாந்தரம் கேக்காம இருக்க மாட்டாரே! சப்புன்னு வச்சிரட்டுமா?"

"உன் கைக்குத் துரோகம் பண்ணாதே, தாயே. உன்னால் முடிந்த மட்டும் ருசியாக வை" என்றான் வெண்காடன்.

மறுநாள் மதியம் பந்தி போட்டார்கள். ஊறுகாய் சுண்டுவிரல் நுனியளவு; ராஜா அதை இலையில் தேடிக் கண்டுபிடித்தார். சோறு ஒரு முறை, குழம்பு ஒரு முறை. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டார். பாயசம் வரும் என்ற ஒரே நம்பிக்கையில் மனுஷர் உட்கார்ந்திருந்தார்.

பாயசப் பாத்திரம் வந்தது. அடேயப்பா, அந்த ஏலக்காய் வாசனை! வெண்காடன் வெள்ளிக் கரண்டியை இரண்டு கையாலும் ஏந்தி, அறவாழியார் முன்னால் போய் நின்றான். "பன்னிரண்டு வருஷம் இந்த ஊருக்கு அளந்த கை. இன்று அரசருக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். தங்களைவிடச் சட்டம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்?"

அறவாழியார் பூரித்துப்போனார். எழுந்து, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ராஜாவின் இலையில் ஒரே கரண்டி ஊற்றினார்.

ராஜா கண்ணை மூடினார். இலையை விரலால் வழித்தார், விரலையும் விடவில்லை. "அறவாழியாரே, இன்னும் கொஞ்சம்."

அறவாழியார் வெண்காடனைப் பார்த்தார். வெண்காடன் கூரையைப் பார்த்தான். "கரண்டி தங்கள் கையில்தானே ஐயா இருக்கிறது?"

"அரசே... ஒரு முறைக்கு மேல் என்பது... தங்கள் உடல் நலத்துக்கு..."

ராஜாவின் கண் சிவந்தது. "என் வயிறு எனக்குத் தெரியாதா?"

சமையலறை வாசலில் நின்ற காத்தாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறவாழியார் ஒரு கரண்டி ஊற்றினார். ராஜா இன்னும் முறைத்தார். மேலும் ஒன்று ஊற்றினார்.

"பிசகிவிட்டது! வெண்காடன் தோற்றான்!" என்று துள்ளி எழுந்தார் மருதூரார்.

"பொறுங்கள், மந்திரியாரே, சட்டம் இன்னும் முடியவில்லை" என்று வெண்காடன் கை தட்டினான். கடப்பாரையோடு நான்கு பேர் உள்ளே வந்து, ராஜாவைக் கும்பிட்டுவிட்டு, நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தார்கள்.

"நில்லுங்கள்! எங்கே போகிறார்கள் இவர்கள்?" என்றார் ராஜா.

"அடுப்பை இடிக்க, அரசே. பரிமாறியவர் நகராதிபதி, நான் கரண்டியைத் தொடவில்லை. இரண்டாம் முறை பரிமாறிய அடுப்பை இடிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அதையும் செய்து முடித்தால்தானே ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்தியதாகும்? அரண்மனை முதல் என்று எழுதியிருக்கிறது. ஆகவே அரண்மனையில் தொடங்குகிறேன்."

"அப்படியானால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் எங்கே போவது?"

"சந்தை வாசலில் காத்தாயி என்று ஒரு அம்மாள் நன்றாகச் சமைப்பாள், அரசே. ஆனால் பாருங்கள், அந்த அடுப்பையும் இன்று மாலை இடிக்கிறார்களாம்."

'என் வயிறு எனக்குத் தெரியாதா' என்று தன் வாயிலிருந்து வந்தது நேற்றுக் காத்தாயி சொன்ன வார்த்தை என்று அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. முதலில் மீசை ஆடியது, பிறகு தொந்தி ஆடியது. பாயசம் புரையேறும் மட்டும் சிரித்தார். "கடப்பாரையை வெளியே கொண்டு போங்கள்! இலைச் சட்டம் இன்றோடு ஒழிந்தது. அம்மா, உன் அடுப்பைப் போய்ப் பற்ற வை!"

காத்தாயி அழுதுவிட்டாள். ராஜா கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். போட்டவர் அதோடு நின்றாரா? உற்சாகம் தலைக்கேறிவிட்டது. "இனி இந்த ஊரில் ஒவ்வொருவரும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டே தீர வேண்டும் என்று புதுச்சட்டம் போடுகிறேன்!"

"ஆகா!" என்றார் மருதூரார்.

வெண்காடன் காப்பைக் கழற்றி ராஜாவின் இலையோரம் வைத்தான். "காப்பு தங்களிடமே இருக்கட்டும், அரசே. அந்தச் சட்டத்தைப் போடாமல் விட்டால் எனக்கு அதுவே பரிசு."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. சட்டத்தையும் விட்டார், காப்பையும் திருப்பிக் கொடுத்தார்.

கல் விஷயம் மட்டும் மிச்சம். என்ன வெட்டலாம் என்று ராஜா காத்தாயியையே கேட்டார்.

"எங்க ஆத்தா பேதியிலதான் போனா, சாமி. என் புள்ளைங்க நாலும் உசுரோட இருக்குன்னா, ஐயா வெட்டுன வாய்க்காலாலதான். அதைப் போடுங்க. மத்ததை நாங்க மறந்துடுறோம்."

இத்தனை நேரம் தலைகுனிந்து நின்ற அறவாழியார் அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே கல் வெட்டினார்கள். 'வாய்க்கால் வெட்டியவர்' என்று ஒரே வரி.

பதவி போன பிறகு ஒரு நாள் அவர் காத்தாயி கடையில் வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். இலை காலியாயிற்று. எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா ஐயா?" என்றாள் காத்தாயி.

அவர் பழக்கதோஷத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிரம்போடு யாரும் இல்லை. மெல்லப் புருவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"வாயைத் தொறந்தே கேளுங்க ஐயா, இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று சொல்லி, காத்தாயி இரண்டு கரண்டி போட்டாள்.