செங்கேணி உக்காந்த பலகை

ஒரு ஊர்ல ஒரு தோணி இருந்துச்சாம். தோணி இருந்துச்சு, தோணிக்காரன் இல்ல.

ஏன் இல்லன்னு இப்பவே கேக்காதே, வரேன். போர்வையை இழுத்துக்கோ. ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காதே, அந்தச் சத்தம் எங்கேயும் ஓடிடாது. அது எத்தனை தடவை தட்டுதுன்னு மட்டும் எண்ணி வெச்சுக்கோ, கடைசில கேப்பேன். நடுநடுவுல ம் சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு அத்தை பாட்டுக்கு எழுந்து போயிடுவேன்.

ம்.

அந்த ஊருக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கழனி. ஏரின்னா உங்க ஊர்ல இருக்கே, சுத்தியும் வீடு கட்டி நடுவுல குட்டையா கெடக்குமே, அப்படி இல்ல. அக்கரை தெரியாத ஏரி. ஒரு மூலையில கடலுக்கு வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கும். கடல் ஏறுனா ஏரியும் ஏறும், கடல் வத்துனா ஏரியும் வத்தும். அதை ஓதம்னு சொல்லுவாங்க. ஓதம் ஏறும்போது உப்புத் தண்ணி சளசளன்னு வாய்க்கால்ல புகுந்து கழனிக்கு வரப் பாக்கும். உப்பு பட்டா நெல்லு செத்துச்சு. அதனால வாய்க்கால் வாயில ஒரு மதகு, அதுல ஒரு பலகை. ஓதம் ஏறுனா பலகையை எறக்கணும், வத்துனா தூக்கணும்.

அந்தப் பலகை எங்கேர்ந்து வரும் தெரியுமா? தோணியிலேர்ந்து. அங்க தோணிக்கு வயசாயிடுச்சுன்னா வெறகுக்கு ஒடைக்க மாட்டாங்க. பலகை பலகையா பிரிச்சு கழனிக்காரங்களுக்குக் குடுத்துடுவாங்க. உப்பு குடிச்சு குடிச்சு ஊறுன மரம், லேசுல மக்காது. அதுக்குப் பதிலா அறுப்புல மொத மரக்கா நெல்லு தோணிக்காரங்க வீட்டுக்குப் போயிடும்.

ஆனா ஒரு தோணியை மட்டும் யாரும் தொட மாட்டாங்க. போன ஆளு திரும்பி வராத தோணி. அதைக் கரைமேல ஏத்தி, உள்ள துடுப்பைப் போட்டு, ஒரு குடம் நல்ல தண்ணி வெச்சுடுவாங்க. உப்புலயே கெடக்குறவனுக்குத் தாகம் எடுக்கும் இல்ல? வந்து குடிப்பான், கொஞ்சம் உக்காருவான்னு. அவனோட ஆளுங்களே வந்து, போதும்னு சொல்லி, குடத்தைக் கவுக்குற வரைக்கும் அது அவன் எடம்.

செங்கேணின்னு ஒருத்தரு. மார்கழி மாசம், பக்கத்துல நிக்கிற ஆளு தெரியாத பனி. அந்தப் பனியில ஏரிக்குப் போனாரு. மூணாம் நாளு தோணி மட்டும் தானா கரைக்கு வந்துச்சு. துடுப்பு ஒழுங்கா மடிச்சு வெச்ச மாதிரி உள்ள இருந்துச்சு. சோத்துச் சட்டி தொறக்கவே இல்ல. அவரு பொஞ்சாதி தேசம்மா அழல. கரைமேல தோணியை ஏத்தச் சொன்னா, குடத்துல தண்ணி வெச்சா. தெனம் காலைல வந்து தண்ணியை மாத்தி ரொப்புவா. பதினோரு வருஷம், குட்டி. பதினோரு வருஷத்துல குடம் ஒரு விரக்கடை கொறையல.

ம்.

அப்போதான் அந்த ஊருக்குப் பூங்காவனம்னு ஒரு பொண்ணு விருந்தாட வந்தா. அவ அக்கா கன்னியம்மாவை அங்க கட்டிக் குடுத்திருந்தாங்க. கன்னியம்மாவுக்கு நெற மாசம், ஒத்தாசைக்கு ஆளு வேணும். பூங்காவனம் ரயில் ஓடுற ஊர்க்காரி. ஏரியைப் பாத்ததே இல்ல. வந்த ரெண்டு நாள்ல எல்லாத்தையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, உன்னை மாதிரி. தோணிப் பலகைதான் மதகுக்குப் போடுறதுன்னு கூடத் தெரிஞ்சுக்கிட்டா. ஆனா பாதிதான் தெரிஞ்சுக்கிட்டா. மீதியை யாரும் சொல்லல, அவளும் கேக்கல.

மூணாம் நாளு, அக்கா புருசன் தணிகாசலம் சந்தைக்குப் போயிட்டாரு. மத்தியானம். மடேர்னு ஒரு சத்தம். ஓடிப் பாத்தா மதகுப் பலகை ரெண்டா ஒடைஞ்சு கெடக்கு, ஓதம் குபுகுபுன்னு ஏறுது. நெல்லு முத்தி நிக்குது. பத்து நாள்ல அறுப்பு. அந்த ஒரு போகம்தான் அவங்களுக்கு அடுத்த வருஷச் சோறு. கன்னியம்மா வயித்தைப் புடிச்சுக்கிட்டு, "போச்சுடி, எல்லாம் போச்சுடி"ன்னு வரப்புலயே உக்காந்துட்டா.

பூங்காவனம் கரைக்கு ஓடுனா. பக்கத்துலயே ஒரு பழைய தோணி. உள்ள குறுக்கால ஒரு பலகை, உக்கார்ற பலகை. கல்லால தட்டுனா, இழுத்தா, கிறீச்னு வந்துடுச்சு. அப்போ அங்க ஒரு குடம் ரொம்பத் தண்ணி. ஓடி வந்த தாகம். ரெண்டு கையால அள்ளி மடக்கு மடக்குனு குடிச்சா. அப்புறம் பலகையைத் தோள்ல வெச்சுக்கிட்டு ஓடி வந்து மதகுல எறக்குனா. அளந்து செஞ்ச மாதிரி பொருந்திச்சு. தண்ணி நின்னுச்சு. அக்காளும் தங்கச்சியும் கட்டிப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எந்தத் தோணிப் பலகைன்னு அக்காவும் கேக்கல.

ம்... அத்தே, அது அவரோட தோணிதானே?

அதான் உனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியலையே.

அன்னிக்கு வெளக்கு வெக்கிற நேரம். மதகுப் பக்கம் சத்தம். டக். டக். டக். மூணு தட்டு. பூங்காவனம் போய்ப் பாத்தா, யாரும் இல்ல. காலைல பாத்தா சேத்துல காலடி. ஏரியிலேர்ந்து மதகு வரைக்கும் வந்திருக்கு, திரும்பிப் போன தடம் இல்ல.

அதே காலைல தேசம்மா தெருவுல ஓடி வரா. தலை நெறைய பூவு. பதினோரு வருஷமா பூ வெக்காதவ. "வந்துட்டாருடி! தண்ணி குடிச்சிருக்காருடி! குடம் பாதியா கெடக்கு. பலகையைக் கூட எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு, அங்க உக்கார எடம் இல்ல போல"ன்னு ஒவ்வொரு வாசலா நின்னு சொல்றா. குடிச்சது தான்தான்னு பூங்காவனத்துக்குப் புரிஞ்சுச்சு. வாயைத் தொறக்கணும்னு நெனைச்சா. அந்தப் பூவைப் பாத்துட்டு மூடிக்கிட்டா. எனக்கு அவமேல கோவம்தான். ஆனா நானா இருந்தாலும் மூடிக்கிட்டுதான் இருந்திருப்பேன்.

ரெண்டாம் நாளு வெளக்கு வெக்கிற நேரம். வாசல்ல மாடு கட்டுற முளையில டக், டக், டக். மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிச்சு. வாசல்ல காலடி, காலடிக்குள்ள தண்ணி, தண்ணிக்குள்ள பொடிப்பொடியா இறா நெளியுது. தணிகாசலம் அதைப் பாத்தாரு. நேரா மதகுக்குப் போய் பலகையைத் தடவிப் பாத்தாரு. ஓரத்துல ஒரு மீனு கீறி இருந்துச்சு. செங்கேணி சும்மா உக்காந்திருக்கும்போது கத்தியால கீறுன மீனு.

"பூங்காவனம், இன்னாம்மா பண்ணி வெச்சே? இது அவரு எடம்மா. எடத்தை எடுத்தவங்களைத் தன் எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாரு."

"அவரு எடம் எங்க மாமா?"

தணிகாசலம் ஏரியைக் கை காட்டுனாரு.

அந்த ராத்திரியே அவரு வேப்பம்பலகை ஒண்ணை இழைச்சு, தோணியில அதே எடத்துல பொருத்தி, தேங்கா ஒடைச்சுக் கும்புட்டுட்டு வந்தாரு. காலைல போய்ப் பாத்தா வேப்பம்பலகை தோணிக்கு வெளிய கெடக்கு. தேங்கா மூடி ரெண்டுலயும் உப்புத் தண்ணி.

மூணாம் நாளு. கதவுலயே வந்துடுச்சு. டக். டக். டக். உள்ள மூணு பேரும் ஒண்ணா ஒண்டிக்கிட்டாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணி சொட்டுது. சொட், சொட். அப்புறம் ஒரு குரலு. வாய்க்குள்ள தண்ணி வெச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி.

"நான் எங்க உக்கார்றது?"

விடிஞ்சதும் பூங்காவனம் எழுந்தா. அவ பாய்க்குப் பக்கத்துல தரை ஈரம். ஒரு ஆளு குந்தி உக்காந்து எழுந்த அளவுக்கு வட்டமா ஈரம்.

கிட்ட வா. என் கையைப் புடிச்சுக்கோ. நிறுத்தட்டுமா?

ம்ஹூம். சொல்லு.

தணிகாசலம் கடப்பாரையை எடுத்துட்டாரு. "பலகையைப் புடுங்கிப் போய் வெச்சுடறேன். இன்னிக்குப் பௌர்ணமி, பெரிய ஓதம். வேப்பம்பலகை தாங்காது, கழனி மொத்தமும் போவும். போனாப் போவுது. நாத்து திரும்ப நட்டுக்கலாம், பொண்ணை நட முடியுமா?" கன்னியம்மா வயித்தைப் புடிச்சுக்கிட்டு அழுவுறா, ஆனா வேணாம்னு சொல்லல. அவளும் நல்லவதான்.

பூங்காவனம் கடப்பாரையைப் புடிச்சுக்கிட்டா. "இருங்க மாமா. நான் எடுத்தது அவருகிட்டேர்ந்து மட்டும் இல்ல. தேசம்மா அக்காகிட்ட மொதல்ல சொல்லணும்."

போனா. தேசம்மா பூ கட்டிக்கிட்டு இருந்தா. இவ நின்னுக்கிட்டே சொன்னா. "யக்கா, பலகையை எடுத்தது அவரு இல்ல. நான்தான். தண்ணியைக் குடிச்சதும் நான்தான்."

தேசம்மா கையில இருந்த பூ அப்படியே நின்னுச்சு. அப்புறம் தலையில இருந்த சரத்தை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

"மூணு நாளு சந்தோஷமா இருந்தேன்டி. இன்னும் ஒரு நாளு விட்டிருக்கக் கூடாதா?"

பூங்காவனம் தேம்பித் தேம்பி அழுதா. அழுதுக்கிட்டே காலடி வந்தது, இறா நெளிஞ்சது, கதவு தட்டுனது எல்லாத்தையும் சொன்னா. தேசம்மா விருட்டுன்னு நிமிந்தா.

"காலடியா? எடது காலு சுண்டு விரலு இருந்துச்சா?"

"இல்லக்கா. எடது கால்ல நாலு விரலு தடம்தான்."

"சுறா கடிச்சது." தேசம்மா எழுந்துட்டா. அவ கண்ணுல இருந்தது பயம் இல்ல, கோவம். "பதினோரு வருஷம் தண்ணி தூக்கி வெச்சேன். எனக்கு ஒரு தடம் காட்டல. உன் வீட்டுக் கதவைத் தட்டுறாரா? வரேன் இரு."

அப்புறம், பொழுது எறங்குது. நெலா ஏரிமேல வந்து நிக்குது. ஓதம் ஏறுது, இதுவரைக்கும் ஏறாத ஓதம். மதகுல ஒரு பக்கம் கடப்பாரையோட தணிகாசலம், ஒரு பக்கம் பூங்காவனம். நடுவுல தேசம்மா, தோணியில இருந்த குடத்தை இடுப்புல வெச்சுக்கிட்டு.

சளக்.

சளக்.

சளக்.

ஆளைக் காணோம். சேத்துல தடம் மட்டும் ஒண்ணு ஒண்ணா விழுது. நேரா பூங்காவனத்தைப் பாத்து வருது. அவ கணுக்கால்ல சில்லுன்னு ஏதோ புடிச்சுச்சு. புடிச்சு ஏரிப் பக்கம் இழுக்குது. ஒரு அடி போயிட்டா. ரெண்டு அடி. முட்டி வரைக்கும் தண்ணி. தணிகாசலம் பாஞ்சு அவ கையைப் புடிச்சாரு, அவரையும் சேத்து இழுக்குது.

"விடுய்யா!"

தேசம்மா போட்ட சத்தத்துல ஏரிக் கொக்கெல்லாம் படபடன்னு எழும்பிச்சு.

"இன்னாய்யா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? அந்தப் பொண்ணை விடு. அவ எடுக்கல. பலகையை நான் குடுத்தேன். உன் பொஞ்சாதி குடுத்தேன். கேக்குதா?"

கணுக்கால்ல புடி கொஞ்சம் தளந்துச்சு.

"நீ வரமாட்டே. எனக்கு மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் தண்ணி தூக்குனேன்." அவ குடத்தை இடுப்புலேர்ந்து எறக்குனா. "போதும்யா."

குடத்தைக் கவுத்தா. கொடகொடன்னு நல்ல தண்ணி சேத்துல எறங்குச்சு. தடம் நின்னுச்சு. காலை விட்டுச்சு. அந்த நல்ல தண்ணி விழுந்த எடத்துல யாரோ குனிஞ்சு குடிக்கிற சத்தம். மடக். மடக். மடக். எவ்ளோ நேரம் குடிச்சுதுன்னு யாருக்கும் தெரியாது.

அப்புறம் தேசம்மா பலகையைக் காட்டுனா. "உக்கார எடம் தானே வேணும்? அங்கயே உக்காரு. கழனியைப் பாத்துக்கோ."

தடம் திரும்பிச்சு. மதகு வரைக்கும் போச்சு. அங்க நின்னுச்சு. பலகை ஒரு தடவை கிறீச்னு அழுந்திச்சு, ஒரு ஆளு கனத்துக்கு. பௌர்ணமி ஓதம் வந்து மோதுச்சு, ஒரு சொட்டு உள்ள வரல.

தேசம்மா காலிக் குடத்தோட வீட்டுக்கு நடந்தா. திரும்பிப் பாக்கல. மறுநாளு தோணியைப் பிரிக்கச் சொல்லிட்டா. பலகையெல்லாம் ஊரு மதகுக்குப் போச்சு. பத்தாம் நாளு அறுப்பு. மொத மரக்கா நெல்லைப் பூங்காவனம் தலையில தூக்கிக்கிட்டுப் போய் தேசம்மா வீட்டுல எறக்குனா. அதுக்கு அப்புறம் அந்த மதகுல யாரும் பலகையை எறக்க வேண்டியதே இல்ல. ஓதம் ஏறும்போது டக், டக், டக்னு தானா எறங்கிடும்.

தூக்கம் வருதா? சரி. வெளிய கேக்குதே, எத்தனை தட்டு எண்ணுனே?

நாலு அத்தே. கதையில மூணுதானே? மூணு பெருசா, அப்புறம் மெதுவா ஒண்ணு.

சரியாத்தான் எண்ணியிருக்கே. என் கல்யாணத்துக்கு முன்னாடி வரைக்கும் மூணுதான். ஒரு மார்கழியில தேசம்மா தூக்கத்துலயே போயிட்டா. அன்னிக்குச் சாயங்காலம் ஓதம் ஏறுனப்போ மொத தடவையா நாலாவது கேட்டுச்சு. பலகை நீளந்தான், ரெண்டு பேரு உக்காரலாம்.

காலைல நம்ம மதகுப் பக்கம் போனா ஈரத் தடத்தை மிதிக்காதே, சுத்திப் போ. இப்போ தண்ணி ஏறுது, அவங்க பாத்துக்குவாங்க. கதை கரை சேந்துடுச்சு, நீயும் கண்ணை மூடு.