கீழூர்ப் படித்துறையில் ஒரு குளியல்

மூணு ஊருக்கும் ஒரே வாய்க்கால். மேலூரில் நுழைந்து, நடுவூரைத் தாண்டி, கீழூரில் போய் முடியும். வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை. பூ என்னவோ பார்க்க அழகுதான், தண்ணீர்தான் நகராது.

ஊர்க்காரர்கள் சுத்தம் செய்யாமல் இல்லை. மூங்கில் கழியால் செடியைத் தள்ளித் தள்ளித் தங்கள் பாலத்தைத் தாண்டி அனுப்பிவிட்டு, கையை உதறிக்கொண்டு கலைந்துவிடுவார்கள். அதுதான் வழக்கம். மேலூர் நடுவூருக்குத் தள்ளும், நடுவூர் கீழூருக்குத் தள்ளும். கீழூர் யாருக்குத் தள்ளும், பாவம்?

மேலூர்த் தலைவர் தில்லைநாயகம் நல்ல மனிதர்தான். மூணு ஊரும் சேர்ந்து வாய்க்காலைத் திறக்கணும் என்று பந்தல் போட்டு, மைக் கட்டி, கூட்டத்துக்குமேல் கூட்டம் போட்டுக் கூப்பிட்டார். நாற்காலிகள் வந்தன, ஆள்தான் வரவில்லை.

ஐப்பசி அடைமழை நெருங்கிவிட்டது. இப்படியே கிடந்தால் கீழூர் நாற்றங்கால் முழுகும். அங்கேதான் அவர் தங்கை கோமளவல்லி வாழ்க்கைப்பட்டிருந்தாள். போன வருஷமே அவள் நாற்றெல்லாம் அழுகிப் போயிற்று. மிதந்து வந்த செடியைக் காட்டி, "இந்தா, உங்க அண்ணன் ஊர்ச் சீர் வந்திருக்கு" என்றாளாம் மாமியார். அந்தப் பேச்சு அவருக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

கீழூர் மடத்தில் இருந்த ஆவுடையம்மைதான் அவருக்குக் குரு. வயதில் இவரைவிட இளையவர். அவரிடம் ஓடினார்.

"ஜனங்க ஏம்மா ஒண்ணு சேர மாட்டேங்குறாங்க? எனக்குப் புரியவே மாட்டேங்குது."

"வேர்த்துக் கொட்டுதே. முதல்ல குளிச்சிட்டு வா. சாப்பிட்டுப் பேசலாம்."

படித்துறைக்குப் போனார். ஒரு கை தண்ணீர்கூடக் கண்ணில் படவில்லை. திரும்பி வந்தார்.

"குளிக்க இடமே இல்லையேம்மா."

"நாங்க தினம் குளிக்கிறோமே."

"எப்படி?"

"செடியை எடுத்துட்டுத்தான்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கழியை எடுத்து வழக்கம்போலத் தள்ளினார். எங்கே தள்ள? அடுத்தது கடைசி மதகு, அதுவும் அடைத்துக் கிடந்தது. தள்ளினதெல்லாம் மெல்லத் திரும்பி வந்து அவர் வயிற்றிலேயே மோதியது. அட, என்றார். அப்புறம் கழியைப் போட்டுவிட்டு, வேரோடு இழுத்துக் கரையில் எறிய ஆரம்பித்தார்.

மாடு ஓட்டி வந்த கீழூர்க்காரர் ஒருவர் வாயைப் பிளந்தார்.

"மேலூர்த் தலைவரா? எங்க ஊர்ச் செடியையா இழுக்கிறீங்க?"

"எங்க ஊர்ச் செடிதாங்க" என்றார் தில்லைநாயகம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த மனிதர் மாட்டைக் கட்டிவிட்டு இறங்கினார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோமளவல்லியின் மாமியாரே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிவாளோடு வந்துவிட்டாள். சேதி நிஜம்தானா என்று பார்க்க வந்த நடுவூர்க்காரர்களுக்குக் கரையில் சும்மா நிற்கக் கூச்சமாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் மதகு திறந்து தண்ணீர் சலசலவென்று ஓடியது.

ஈரத்தில் வெடவெடத்துக்கொண்டே மடத்துக்கு வந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மைக் வெச்சுக் கூப்பிட்டப்ப ஒருத்தர் வரலை. இன்னைக்கு நான் யாரையும் கூப்பிடவே இல்லையே. எப்படி வந்தாங்க?"

ஆவுடையம்மை அவர் இலையில் சோற்றைப் போட்டார்.

"அப்பல்லாம் நீ அவங்களைக் கூப்பிட்டே. இன்னைக்கு நீ வந்தே."