ஒன்பது நாள் சூத்திரம்

மருதவேந்தருக்கு ஒரு தலைவலி. அவருடைய வைத்தியசாலையில் நாற்பது கட்டில், நாற்பதிலும் நீரிழிவுக்காரர்கள். புதிதாக வந்தவர்கள் வாசலில் பாய் விரித்துக் காத்துக்கிடந்தார்கள்.

“ஒருவர் வந்து படுக்கும்போதே எத்தனையாம் நாள் வீடு போவார் என்று தெரிந்தால், அடுத்தவருக்கு நாள் குறித்துவிடலாமே! யாரால் சொல்ல முடியும்?” என்று அவையில் கேட்டார்.

“என்னால் முடியும்!” என்றார் அம்பலக்கூத்தர். யோசிக்கும் முன்பே வாயைத் திறக்கும் அமைச்சர் அந்த அவையில் அவர் ஒருவர்தான்.

பழைய நோயாளிகள் நானூறு பேரின் ஓலைகளை ஒரு மாதம் புரட்டினார். வயது, எடை, கால்புண்ணின் அகலம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு சூத்திரம் கண்டார். பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லை. அவர் தலையைக் கண்டாலே சேவகர்கள் வேறு வழியாகப் போனார்கள்.

தலைமை வைத்தியர் நஞ்சுண்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அரசே, அடுத்த நோயாளிக்குச் சொல்லட்டும். தப்பினால் பதவியை விடட்டும்.”

“சரி. யார் அந்த நோயாளி?”

“இவரேதான்! கட்டைவிரல் புண்ணோடு நொண்டுகிறார். தினமும் மடைப்பள்ளியில் அதிரசம் தின்கிறவருக்கு வேறென்ன நோயாம்?”

கூத்தருக்கு வியர்த்துவிட்டது. நானூறு பேரின் காலைக் கணக்கெடுத்தவர் தன் காலைக் குனிந்து பார்க்கவில்லை! ஆனாலும் வீம்பு விடவில்லை. “ஒன்பதாம் நாள் வீடு திரும்புவேன்!” என்று முழங்கினார்.

“வாய்ச்சொல் வேண்டாம். எழுதி முத்திரையிட்டுக் கொடும். ஓலையில் உள்ளதுதான் செல்லும்” என்றார் அரசர்.

கூத்தர் மாற்று வேட்டி எடுக்க வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து முத்திரையிட்ட ஓலையை அரசரிடம் கொடுத்துவிட்டு, அன்று காலியான கட்டிலில் படுத்தார். வேளாவேளைக்குப் பாகற்காய்ச் சாறு வந்தது.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. புண் நன்றாக ஆறியிருந்தது. நஞ்சுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்” என்றார் சிரிக்காமல்.

மறுநாள் செவ்வாய். செவ்வாயில் அந்த ஊரில் யாரும் வைத்தியசாலையிலிருந்து வீடு போவதில்லை. புதன், அஷ்டமி. வியாழன், நவமி. “இந்த நாட்களில் அனுப்பினால் என் கைராசி என்ன ஆவது?” என்று நஞ்சுண்டரே கையை விரித்தார். வெள்ளியன்று, பதின்மூன்றாம் நாள், கூத்தர் சுளித்த முகத்தோடு அவைக்கு வந்தார்.

“பதவியைக் கேளுங்கள் அரசே!” என்று துள்ளினார் நஞ்சுண்டர்.

அரசர் முத்திரையை உடைத்துப் படித்தார். “‘பதின்மூன்றாம் நாள். என்னைத் தோற்கடிக்க வைத்தியர் ஒரு நாள் நிறுத்துவார். அடுத்த மூன்று நாளும் பஞ்சாங்கம் நிறுத்தும்.’”

நஞ்சுண்டர் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

“அப்படியானால் ஒன்பது என்று ஏன் முழங்கினீர்?”

“அது என் சூத்திரம் சொன்னது அரசே. நானூறு ஓலை, ஒரு மாத உழைப்பு.”

“பதின்மூன்று?”

கூத்தர் தலையைச் சொறிந்தார். “வேட்டி எடுக்கப் போனபோது என் மனைவி ஆவுடை சொன்னது. குழம்பைக் கிளறிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

“பதவி பிழைத்தது! பொன்னாடை ஆவுடையம்மைக்கு. கூத்தருக்கு ஒரு கூடை பாகற்காய்!”